சஸ்பென்ஸ் நானாவும் கடைசி அத்தியாயமும்

ரகசியம் காப்பதில் சஸ்பென்ஸ் நானாவை மிஞ்ச இந்த மலைநாட்டில் மட்டுமல்ல, எந்த நாட்டிலும் ஆள் கிடையாது. அதுவும் லேசுப்பட்ட ரகசியமா? கொலைகாரன் யாரென்ற ரகசியம்!

ஹட்டன் டவுனில் அவருக்குக் குடைக்கடை. மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் குடை விற்றே மாடி வீடு கட்டியிருக்கலாம். மனுஷனோ குடைகளைப் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் துப்பறியும் நாவல்களை அடுக்கி வாடகைக்கு விடுவார். எல்லாம் ஒரே துப்பறிவாளரின் தொடர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தத் துப்பறிவாளர் வாலிபர். நான் டீச்சராகி, கொட்டகலையில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்து, தலையும் நரைத்தாச்சு. அவர் இன்னும் வாலிபர்தான்!

புதுப் புத்தகம் வந்தால் முதல் வாசகர் நானா. அவர் முடிக்கும்வரை குடை வாங்க வந்தவர்கள் நனைந்துகொண்டே நிற்க வேண்டியதுதான். பிறகுதான் எங்கள் முறை. பக்கத்தை மடிக்கக் கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. கடைசி அத்தியாயத்தை முதலில் பார்ப்பது மகா பாவம். ஒரு தோட்டத்துக் கிளாக்கர் திரும்பி நின்று திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்னா கிளாக்கரய்யா, முடிவ பாத்துட்டீங்களே?"

"சத்தியமா இல்லங்க நானா!"

"பொய் சொல்ல வேணாம். முடிவு தெரிஞ்சவன் மூஞ்சியில பசி இருக்காது."

புத்தகம் பறிபோனது. அடுத்த புத்தகமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் ஒருவர், "இந்தத் தடவ கொன்னது யாருன்னா..." என்று ஆரம்பித்தார். நானா கையிலிருந்த புதுக் குடையை அந்த ஆளின் முகத்துக்கு நேரே படாரென்று விரித்தார். கொட்டகலை வரைக்கும் மடக்கவே இல்லை. கண்டக்டரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் எனக்கு வயிற்றில் கட்டி. ஆபரேசனுக்கு நாள் குறித்தும் பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலோடு ஓடிவந்துவிட்டேன். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் வார்டில் போய்ப் படுத்தேன். அங்கேயும் ஓடுகிற யோசனைதான்.

நான் ஓடிவந்த கதையைக் கேள்விப்பட்டு, ஆபரேசனுக்கு முதல் நாளே நானா வந்து நின்றார். கையில் அன்றைக்கு வந்திறங்கிய புதுப் புத்தகம்.

"வாசிங்க டீச்சர். பொழுது போகும்."

பொழுதா? பயமே போய்விட்டது! எஸ்டேட் பங்களாவில் கொலை. சந்தேகம் டிரைவர் மேலா, துரையின் மனைவி மேலா? மூச்சுவிடாமல் புரட்டினால், ஐயோ, கடைசி அத்தியாயத்தைக் காணோம்! பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தது. பக்கத்தை மடித்தாலே பாய்கிற மனுஷன் கடைப் புத்தகத்தில் பிளேடு வைத்திருக்கிறார்!

போன் போட்டுக் கத்தினேன். "நானா, கடைசி அத்தியாயம் எங்க?"

"எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஆபரேசன முடிச்சிட்டு கடைக்கு வாங்க, தாரேன்."

"நான் ஓடிப் போய்ட்டா?"

"அப்ப கொலைகாரன் யாருன்னு ஜென்மத்துக்கும் தெரியாது."

போனை வைத்துவிட்டார். மறுநாள் ஆபரேசன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதும், டிரைவரா, துரைசாணியா என்றுதான் மண்டை குடைந்தது.

உடம்பு தேறியதும் புத்தகத்தோடு நேரே கடைக்குப் போனேன். நானா சட்டைப்பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து நீட்டினார். நின்ற இடத்திலேயே வாசித்தேன். டிரைவருமில்லை, துரைசாணியுமில்லை!

நிமிர்ந்து பார்த்தால், நானா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"முடிச்சிட்டீங்களா? இனி புத்தகத்த தாங்க. நான் இன்னும் வாசிக்கல்ல."

"கடைசி அத்தியாயம் உங்க பையிலதானே இருந்திச்சு?"

"இருந்தா என்ன? நீங்க வந்து சேராம, நான் எப்பிடி டீச்சர் முடிவ பாக்கிறது?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தும் நான் கிளம்பவில்லை. அவர் முதல் அத்தியாயத்தைத் திறந்ததும், பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.