லாகொம் பிறந்த கதையும் நான் நீக்கப்பட்டதும்

ஹெல்ஷோ,
ஆகஸ்ட் 19

அன்புத் தங்கை ராக்னிலுக்கு,

உன் இடுப்பு வலியும் மாப்பிள்ளையின் காது அடைப்பும் நீங்கியிருக்கும் என நம்புகிறேன். எனக்கு முழங்கால் ஒன்றுதான் சரியாயிருக்கிறது, மற்றதெல்லாம் கெட்டுவிட்டது.

ஊர்ப் பாரம்பரியச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் செயலாளராக இருந்தேனே, என்னை நீக்கிவிட்டார்கள். திருட்டு இல்லை, குடி இல்லை. ஒரு சொல்லால் வந்த வினை. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், அளவா இருந்தாப் போதும்னு மூச்சுக்கு மூச்சு சொல்வோமே 'லாகொம்', அதுதான். அது பிறந்த கதை என்று தலைவன் யெர்கர் ஏரிக்கரையில் பலகை நட்டான். அந்தக் காலத்து வைக்கிங் கடலோடிகள் ஒரே மாட்டுக் கொம்பில் தேன்மதுவைச் சுற்றுக்கு விட்டு, கடைசி ஆளுக்கும் மிஞ்சும்படி அளவாகக் குடித்தார்களாம். 'லாகெட் ஓம்', அதாவது 'கூட்டத்தைச் சுற்றி' என்பது தேய்ந்து லாகொம் ஆனதாம். சுத்தப் புளுகு. 'லாக்' என்றால் சட்டம், வழக்கம். 'முறைப்படி' என்பதன் பழைய வடிவம்தான் லாகொம். மூன்று கடிதம் எழுதினேன், பதிலே இல்லை.

சனிக்கிழமை ஏரிக்கரையில நடந்த சங்கத்து விருந்துல நிஜமாவே கொம்பைச் சுத்துக்கு விட்டாங்க. நாப்பது பேரு. எனக்கு இடம் கடைசியில, கழிப்பறைக் கதவோரம். ஒவ்வொருத்தனும் கண்ணை மூடிக்கிட்டு இழுக்குறான். என் கைக்கு வந்தப்போ உள்ளே ஒரு செத்த குளவிதான் இருந்துச்சு. எந்திரிச்சுக் கவுத்துக் காட்டினேன்.

"யெர்கர், இதுதான் உன் அளவா? பலகையைக் கழட்டு."

"உக்காருங்க வாத்தியாரே. ஊருக்கே இனிக்கிற கதை, உங்க ஒருத்தருக்குத்தான் கசக்குது. கொஞ்சம் லாகொமா இருக்கக் கூடாதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. இருபது வருஷமா என் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துற பக்கத்து வீட்டு மைக்கெனும் சிரிச்சா. அதுதான் தாங்கல. கொம்பை ஏரியில வீசிட்டேன். நூத்தைம்பது வருஷப் பழசாம். திங்கட்கிழமை கடிதம் வந்தது: 'அளவு மீறிய நடத்தை.' மைக்கெனும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இனி இந்த ஊரில் எவன் முகத்திலும் விழிக்கப் போவதில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடு வாழட்டும். சொற்களைச் சரியாகச் சொல்லி வாழட்டும்.

உன் அண்ணன்,
ஹில்டிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது யெர்கர் வந்தான். உள்ளே வரவில்லை, ஒரு பழைய நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஆறாம் வகுப்பு நோட்டு. வைக்கிங்குகள், கொம்பு, தேன்மது எல்லாம் அவனுடைய கோணல் எழுத்தில் இருக்கிறது. தலைப்பு, 'வாத்தியார் சொன்னது'. அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'மிகச் சரி. மறந்துவிடாதே.'