ஒற்றைப் பொத்தான் கார்

நானேக்காரரை நான் முதன்முதலில் சந்தித்தது ஒரு காரின் முன்னால். அந்தக் காருக்கு உடம்பெல்லாம் கரண்டி.

நானேக்காரர் என்றதும் கடைக்காரர், வண்டிக்காரர் மாதிரி இதுவும் ஒரு தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஓர் இனம். யாரோ ஒருவர் மாதக்கணக்கில் குனிந்து எதையோ செய்து, முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற அந்த நிமிஷத்தை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்து, கைகளைப் பின்னால் கட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "இதென்ன பெரிய விஷயம், இத நானே செஞ்சிருப்பேனே" என்று சொல்கிறவர் எவரோ, அவர் நானேக்காரர். அலுவலகத்தில் உண்டு. ஆஸ்பத்திரி வரிசையில் உண்டு. பக்கத்து வீட்டில் சுவர் எழுப்பும்போது மணல் குவியலின் மேல் நிச்சயம் உண்டு. ஆனால் நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் நின்று, நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் எங்கள் காட்சியகத்துக்குத்தான் வர வேண்டும்.

'எங்கள்' என்பதில் கொஞ்சம் பெருமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் வரலாற்றில். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். 'உதவிக் காப்பாளர்' என்று என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டை சொல்கிறது. நான் அட்டையை நம்புகிறேன். அப்பாவுக்குத்தான் போனில் புரியவைக்க முடியவில்லை.

"கார் ஓட்டுற வேலையாப்பா?"

"இல்லப்பா. காரெல்லாம் நிக்கும். நான் பக்கத்துல நிப்பேன்."

"ரிப்பேரா?"

"அலங்காரம்பா."

"சரி, உக்கார நாற்காலி குடுத்திருக்காங்கல்ல?"

கொடுத்திருக்கிறார்கள்.

நகராட்சி கைவிட்ட பழைய பஸ் கொட்டகை அது. உள்ளே பன்னிரண்டு கார்கள். ஒன்றுகூட ஓடாது. பூட்டு ரிப்பேர்காரர் உச்சி முதல் சக்கரம் வரை சாவிகளாலேயே மூடிய கார் ஒன்று. அந்த ஆயிரக்கணக்கான சாவிகளில் எதுவும் அந்தக் காரைத் திறக்காது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் பக்கக் கண்ணாடிகளாகப் பதித்த கார் ஒன்று. முன்னால் போய் நின்றால் நீங்கள் நாற்பது பேர். பல் டாக்டர் ஒருவர் பழைய பிரஷ்களை ஒட்டித் தன் காருக்கு ரோமம் வளர்த்திருக்கிறார். யாருடைய பிரஷ்கள் என்று கேட்காதீர்கள், நாங்களும் கேட்கவில்லை. கரண்டிக் கார் மட்டும் இந்த இடத்தையே உண்டாக்கிய வெல்டர் அக்காவின் கைவேலை. சுவர் நீளத்துக்கும் சலூன் கடைக்காரர் வரைந்த ஓவியங்கள். எல்லாமே பின்மண்டைகள். இருபது வருஷமாக அவர் பார்த்தது அதைத்தானே? வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் மச்சானை, மேனேஜரை, வீட்டு ஓனரைக் கண்டுபிடித்துக் கைகொட்டிச் சிரிப்பார்கள். தன்னுடையதைக் கண்டுபிடித்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

இந்தக் கொட்டகைக்குள் நானேக்காரர் மனைவியோடு வந்தார். நேராகக் கரண்டிக் காரிடம் போனார். குனிந்தார். ஒரு கரண்டியை நகத்தால் 'டிங்' என்று தட்டிப் பார்த்தார். "ம்ம்" என்றார். இந்த "ம்ம்" முக்கியம். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது வருகிற அதே "ம்ம்".

"தம்பி, இது எத்தன நாள் வேலை?"

"மூணு வருஷம் சார்."

"மூணு வருஷமா!" அவருக்கு என் மேல் இரக்கமே வந்துவிட்டது. "நமக்கு நாலு ஞாயித்துக்கிழம. என்ன, நேரந்தான் இல்ல."

"ஆமாமா, நேரந்தான் இல்ல," என்றார் அவர் மனைவி கண்ணாடிக் காரில் கொண்டையைச் சரிசெய்தபடியே. "துணி காயப்போடுற கம்பி அறுந்து ஆறு மாசமா தரையில கெடக்கு."

நேரமில்லாத மனிதர் ஒரு கரண்டிக்கு முன்னால் இருபது நிமிஷம் நிற்பது எப்படி என்கிறீர்களா? அது வேறு நேரம். குறை சொல்வதற்கென்று தனியாக வந்து சேர்கிற நேரம். அதற்குப் பிறகு அவர் ஞாயிறு தவறியதில்லை. பூட்டுக்காரர் பசையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார், டிரைவர் கண்ணாடிகளைக் கோணலாக வைத்துவிட்டார், பல் டாக்டர் பிரஷ்களை எதிர்த்திசையில் நட்டுவிட்டார் என்று வாரம் ஒன்றாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் முடிவுரை ஒன்றுதான். நானே செஞ்சிருப்பேன்.

எங்கள் கிராமத்தில் இந்த இனம் குறைவு. குணத்தால் அல்ல, பயத்தால். 'இந்த மாட்ட நானே புடிச்சிருப்பேன்' என்று ஒருவன் வாய்தவறிச் சொன்னால், அடுத்த நொடி கயிறு அவன் கையில் இருக்கும். மாடும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். நகரத்தில் யாரும் யாரிடமும் கயிற்றைக் கொடுப்பதில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு பெருகிப் போய்விட்டார்கள் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

வெல்டர் அக்கா கயிற்றைக் கொடுத்தது ஓர் இக்கட்டில்.

பன்னிரண்டு கார் என்றேனே, அதில் பன்னிரண்டாவது, பள்ளி ஆசிரியை ஒருவர் விதைவிதையாக ஒட்டிப் பூவும் கொடியுமாகச் செய்த கார். மழைக்காலத்தில் அணில்கள் கூரை வழியாக வந்தன. முதலில் பூவைத் தின்றன. பிறகு கொடியை. பத்தே நாளில் பசைக் கறை மட்டும் படிந்த வெறும் தகரம். ஆசிரியையோ மாற்றலாகித் தொலைவுக்குப் போய்விட்டார். அந்த வாரமே நகராட்சியிலிருந்து கடிதமும் வந்தது: இரண்டு வாரம் கழித்து, திங்கள்கிழமை, அதிகாரி எண்ணிப் பார்க்க வருகிறார். உள்ளூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் செய்த பன்னிரண்டு காட்சிப்பொருள் இருந்தால்தான் அது காட்சியகம். ஒருவருக்கு ஒன்றுதான் கணக்கு. சம்பளத்துக்கு இருக்கிற ஊழியர்கள் செய்தது சேராது. எண்ணிக்கை குறைந்தால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும்.

"ஒண்ணு கொறஞ்சா இதெல்லாம் பழைய இரும்பு தம்பி," என்றார் அக்கா. "எடைக்குத்தான் போகும். என் கரண்டியும்தான்."

பத்து வருஷமாக அந்தக் கொட்டகையில் வெல்டிங் புகையும் தானுமாக இருக்கிற மனுஷி அவர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து நானேக்காரர் மனைவியோடு உள்ளே வந்தார். அணில் தின்ற காரைச் சுற்றி வந்தார். "ம்ம்."

"விதையில யாராவது செய்வாங்களா? நானா இருந்தா ரெண்டே ஞாயித்துக்கிழம. அணில் இல்ல, ஆனையே வந்தாலும் அசையாது."

அக்கா எழுந்து வந்தார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"இல்லம்மா, சும்மா பொதுவா..."

"ரெண்டு ஞாயிறுன்னீங்க. ஆளு வர்றதுக்குள்ள சரியா ரெண்டு ஞாயிறு இருக்கு, இன்னிக்கும் சேத்து. காரு இருக்கு, பசை இருக்கு, நீங்களும் இருக்கீங்க. செய்ங்க."

நானேக்காரர் மனைவியைப் பார்த்தார். காப்பாற்றும்படிக் கெஞ்சும் பார்வை. அந்த அம்மாள் மாதக்கணக்கில் தரையில் கிடக்கும் கம்பியைத் தாண்டிக்கொண்டிருப்பவர்.

"செய்ங்களேன். வீட்ல ஒரு ஜாடி நெறய பொத்தான் இருக்கு. எல்லாம் இவர் சட்டையிலேருந்து விழுந்தது தம்பி. 'நானே தைச்சுக்கறேன், நீ தொடாத'ன்னு எடுத்து வெச்சது. இப்ப போய் எடுத்துட்டு வந்துடறேன்."

போனார். வந்தார். ஜாடி நிறையத்தான் இருந்தது.

முதல் ஞாயிறு. டேப் வந்தது, மட்டம் பார்க்க ரசமட்டம் வந்தது, காதில் ஒரு பென்சில் ஏறியது. ஒரு பொத்தானாவது ஒட்டப்பட்டதா? என்ன கேள்வி இது!

"அடித்தளந்தான் தம்பி முக்கியம். எல்லாரும் தப்பு பண்றதே அங்கதான்," என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தவர் மாலைவரை தேய்த்தார், தேய்த்தார், பசைக் கறையைத் தேய்த்தார், பிறகு பெயின்ட்டைத் தேய்த்தார், பிறகு பளபளவென்று நின்ற தகரத்தையே தேய்த்தார். தலைமுடியெல்லாம் தூசி. கார் மட்டும் அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி வெளுத்து நின்றது.

நடுவில் ஆறு நாட்கள். மூன்று தடவை போன் செய்தார். கார் ஓடிப்போய்விட்டதா என்று கேட்பவர் மாதிரி, "அங்கதான இருக்கு?" என்று கேட்டு வைத்துவிடுவார்.

இரண்டாம் ஞாயிறு. பானட்டின் நட்டநடுவே முதல் பொத்தான். நீலம். நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க மட்டும் இரண்டு மணி நேரம் அளந்தார். ஒட்டினார். பத்தடி பின்னால் வந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் போயிருக்கோ?"

"சரியாத்தான் சார் இருக்கு."

"உனக்குத் தெரியாது தம்பி."

பிய்த்தார். துடைத்தார். அளந்தார். ஒட்டினார். இப்போது வலது பக்கம் போயிருந்தது. நாலு துளைகள் இருக்கின்றனவே, அவை நேராக நிற்க வேண்டுமா சாய்ந்து நிற்க வேண்டுமா என்று ஒரு பிரச்சினை வந்தது. எட்டுத் தடவை ஒட்டி எட்டுத் தடவை பிய்த்தார். அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் ஒன்றில் முக்கால் கையைப் பின்னி முடித்திருந்தார். வாயைத் திறந்து கேலி செய்யக்கூட இல்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். மறுபடி வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வெயில் இறங்கும்போது ஒன்பதாவது தடவையாகப் பொத்தான் ஒட்டியது. நானேக்காரர் எழுந்தார். ஜாடியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். காரின் அகலத்தைப் பார்த்தார், நீளத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து கரண்டிக் காரிடம் போனார். தட்டவில்லை.

"தம்பி, இதுல எத்தன கரண்டி?"

"ஆயிரத்து எழுநூறு சார்."

"ம்ம்" கூட வரவில்லை. மனைவியின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

திங்கள்கிழமை காலையில் அதிகாரி வந்தார். அக்கா கூடவே நடந்தார். அதிகாரி பேனா நுனியால் காற்றில் புள்ளி வைத்து எண்ணிக்கொண்டே போனார். "ஒம்போது. பத்து. பதினொண்ணு." பிறகு, வெறும் தகரமாக நின்ற கார்.

ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் பெயர்ப்பலகை எழுதி வைப்பது உதவிக் காப்பாளரின் கடமை. அன்று விடிந்ததும் வந்து என் கடமையைச் செய்து வைத்திருந்தேன். அதிகாரி பலகையைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. தலை சாய்ந்தது. குனிந்தார். பொத்தானை நகத்தால் தட்டினார்.

"ம்ம். இதென்னம்மா இது? ஒரு காரு, ஒரு பொத்தான். இதெல்லாம் ஒரு கலையா? இத நானே செஞ்சிருப்பேனே!"

அக்கா விரலால் பலகையைக் காட்டினார்.

அதிகாரி படித்தார்: "'இதை நானே செய்திருப்பேன்.' தகரம், பொத்தான் ஒன்று. செய்தவர்: ஒரு பார்வையாளர்."

அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பன்னெண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போனார். அக்கா கரண்டிக் காரின் மேல் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். அன்றைக்கு வெல்டிங் எதுவும் நடக்கவில்லை.

இப்போது எங்களிடம் கூட்டம் சேர்வது அந்தக் காருக்குத்தான். வருகிறவர்கள் பலகையைக் கடைசியாகத்தான் படிக்கிறார்கள், அதற்குள் சொல்லிவிடுகிறார்கள். வக்கீல் சொன்னார், பால்காரர் சொன்னார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கும்பலாகச் சொன்னார்கள்.

என்னைக் கேட்டால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கரண்டிக் காரைப் பார்த்து நானும்தான் சொன்னேன். பட்டதாரி என்பதால் மனதுக்குள் சொன்னேன்.

நீங்கள்? ஏழெட்டு வரி படித்ததுமே, 'இதென்ன பெரிய எழுத்து, இத நானே எழுதியிருப்பேன், நேரந்தான் இல்ல' என்று உள்ளே ஒரு குரல் கேட்டதா இல்லையா? இல்லை என்றால் சந்தோஷம். எதற்கும் ஒரு தடவை வந்து எங்கள் சலூன்காரரின் சுவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். வரும்போது உங்களைப் பின்னாலிருந்து பார்த்துப் பழகியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள்.

நானேக்காரர் ஞாயிறுதோறும் வருகிறார். அந்தக் காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். யாராவது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தால், "சொல்றது சுலபம் சார், ஒண்ணு ஒட்டிப் பாருங்க" என்று சண்டைக்குப் போகிறார். வீட்டில் கம்பி கட்டியாகிவிட்டதாம். கொஞ்சம் கோணல் என்றார் அந்த அம்மாள். இரண்டாவது பொத்தான் அவர் சட்டைப்பையில் இருக்கிறது.