ரத்தான பெயர்

புதுப் பேனா எழுதுகிறதா என்று பார்க்க யாராக இருந்தாலும் தன் பெயரைத்தான் கிறுக்கிப் பார்ப்பார்கள். குமாஸ்தாவும் அதைத்தான் செய்தார். என்ன கொடுமை, கைக்கு அடியில் திறந்து கிடந்தது இறப்புப் பதிவேடு.

பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் போட்டிருக்கிறது. பதறிப்போய் அதிகாரியிடம் ஓடினார்.

"ஒரு கோடு போட்டு ரத்துன்னு எழுதிடுங்க. ஆனா ஒருதடவை ரத்தான பேரை அதுல மறுபடி பதிய விதி இல்ல."

அது செத்த பிறகு வருகிற தலைவலிதானே என்று குமாஸ்தா கோடு போட்டார்.

அவருக்கென்று யாரும் இல்லை. மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. வாடகை அறையில் இன்னமும் இரண்டு தலையணை போட்டுத்தான் படுப்பார். என்றைக்காவது அவளிடம் போய்விடலாம் என்பதுதான் மனுஷனுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதிலும் மண் விழுந்தது.

அடுத்த வாரம் ஒரு லாரி அவர் மேல் ஏறி இறங்கியது. செருப்பு அறுந்தது, அவ்வளவுதான். மறு மாதம் மாடியிலிருந்து உருண்டார். கைப்பிடிதான் உடைந்தது. ஏட்டில் பெயர் ஏற முடியாதவனுக்குச் சாவும் வராது என்ற விஷயம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அதிகாரியிடம் போய் அழாத குறையாகக் கெஞ்சினார். அவரும் மனமிரங்கி, ரத்தை ரத்து செய்வதாக எழுதிக் குறுக்கே இன்னொரு கோடு இழுத்தார். பாழாய்ப்போன கை வழுக்கி, வயதுக் கட்டமும் சேர்ந்து அடிபட்டுப் போனது. அன்றோடு குமாஸ்தாவுக்கு நரைப்பதும் நின்றது. வயதே ஏறாதவருக்கு ஓய்வு எப்படிக் கொடுப்பது? கொடுக்கவில்லை.

அந்த அதிகாரியும் ஒருநாள் போய்ச் சேர்ந்தார். பதிந்தது குமாஸ்தாதான். பொறாமையாக இருந்தது. அடுத்து வந்தவரோ, பழைய கோட்டில் கை வைக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்.

இருபது வருடம் ஓடியது. ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் வழக்கம்போல நிமிராமலே, "நாளைக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் பழைய ஏட்டில் மனைவியின் பெயர் கண்ணில் பட்டது. அப்படியே உடைந்து அழுதார். மேசையில் டீ டம்ளரை வைத்த கை, போகாமல் நின்றது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினொரு மணிக்கு டீ வைக்கிற கை. முகத்தை அவர் பார்த்ததில்லை.

"என்ன சார் ஆச்சு?"

ஒன்று விடாமல் கொட்டினார். "எனக்குச் சாவே கிடையாதும்மா. காலத்துக்கும் ஒண்டியா கிடக்கணும்."

சொல்லும்போதுதான் கவனித்தார், அந்தக் கையில் ஒரு சுருக்கம் இல்லை. முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

அந்தம்மா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு என் புருஷன் சாவைப் பதிய வந்தேன் சார். அவர் பேருக்குப் பதிலா என் பேரை எழுதி, வயசோட சேர்த்து அடிச்சீங்க. சரிபண்ணிக் குடுங்கன்னதுக்கு, நாளைக்கு வாங்கன்னீங்க. தினமும் வந்துக்கிட்டுதான் இருக்கேன், வெறுங்கையோட வருவானேன்னு டீயும் கொண்டுவர்றேன்."