என் பெயரைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

உ

பாறைக்காட்டுவயல்,
வெகுதான்ய வருஷம், புரட்டாசி 12

மகா-ள-ஸ்ரீ மைத்துனர் சேவுகன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சொர்ணவல்லியின் புருஷன் ஆத்மநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கீரனூரில் தாங்களும் குழந்தைகளும் சொர்ணவல்லியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இவ்விடம் நான் சௌக்கியமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாங்களே முடிவுசெய்துகொள்ளலாம்.

வாத்தியார் உத்தியோகத்தில் இருபத்தாறு வருஷம், பதினோரு வாடகை வீடு. கடைசி வீட்டுக்காரி ஒரு கொத்து முருங்கைக்கீரை ஒடித்ததற்குத் தெருவே கேட்கும்படி ஏசியதும், "இனிமே சொந்த வீடுன்னாத்தான் ஒங்களோட இருப்பேன்" என்று சொர்ணவல்லி பெட்டியைக் கட்டியதும், தாங்கள் வண்டி கொண்டுவந்து அழைத்துப்போனதும் தாங்கள் அறிந்ததே. அவள் இல்லாமல் நான் பொங்கித் தின்கிற சோற்றை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. அதனால்தான் ஊருக்கு வெளியே இந்தச் செம்பாறைப் புஞ்சையை வாங்கினேன். புஞ்சையில் வீடு கட்டத் தாலூக்கா கச்சேரியில் உத்தரவு வாங்கவேண்டுமாம். மனுவைக் கொடுத்தேன், கொடுத்த கையோடு வேலையையும் ஆரம்பித்துவிட்டேன். அங்கேதான் புத்தி கெட்டது.

கொத்தனார் வீரய்யா கிழக்கு மூலையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கடப்பாரை 'டொக்' என்றது. பார்த்தால் இடுப்பளவு மண் தாழி. உள்ளே கொஞ்சம் எலும்பு, இரண்டு கறுப்புக் கிண்ணம். "மூடிருவோம் வாத்தியாரய்யா. நமக்கு முந்தி குடிவந்தவுக இவுக" என்றான் வீரய்யா. எனக்கோ படித்த திமிர். உள்ளே இருந்ததை வரப்போரம் கொட்டச் சொல்லிவிட்டு, தாழி நல்ல தாழியாக இருக்கிறதே என்று கழுவி, சுவருக்குத் தெளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டேன். மச்சான், இதைச் சொர்ணவல்லியிடம் படித்துக் காட்டவேண்டாம்.

அன்றிலிருந்து தாழியில் தண்ணீர் குறைவதில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன், கூலி மிச்சம் என்று. பிறகு பார்த்தால், வேலைக்கு வரும்போதே மனை கூட்டிப் பெருக்கியிருக்கிறது. வீரய்யா மத்தியானம் சாப்பிடப் போகும்போது, ஆளில்லாத சுவரைப் பார்த்து, "போயிட்டு வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். "யாரிடமடா சொல்கிறாய்?" என்றேன். "கேட்டாக, சொன்னேன்" என்கிறான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இப்படியிருக்க, போன வாரம் நான் சுண்ணாம்புக்குப் போயிருந்த நேரத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மனையைப் பார்வையிட வந்திருக்கிறார். மறுநாள் கச்சேரிக்குப் போனேன். ரிஜிஸ்தரைப் பிரித்துக் காட்டினார். மனைக்கு உடையவர் என்ற இடத்தில், 'அவுக' என்று எழுதியிருக்கிறது! நான் பதறினேன். அவர் சாவதானமாகச் சொன்னது இது:

"நான் என்ன செய்யட்டும்? சொவத்துக்கு அங்கிட்டு இருந்து ஒங்க சம்சாரம் பேசுனாக. 'யாரு வீடும்மா?'ன்னேன். 'அவுக வீடு'ன்னாக. 'அவுக பேரு?'ன்னேன். 'பேரச் சொல்லுவாகளா?'ன்னு சிரிச்சாக. 'எம்புட்டு நாளா இங்கிட்டு இருக்கீங்க?'ன்னேன். 'நெனவு தெரியாத நாளா'ன்னாக. சொன்னத எழுதிக்கிட்டேன்."

என் மனைவி கீரனூரில் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "இருந்தது ஒங்க சம்சாரம் இல்லேன்னா, வேறொருத்தர் அனுபவத்துல இருக்கிற மனைன்னு உத்தரவு நின்னு போகும். புது விசாரணை தையிலதான்" என்றார். ஐப்பசி மழைக்குள் கூரை ஏறாவிட்டால் மண் சுவர் கரைந்துபோகும். சொர்ணவல்லி என்றைக்கும் வரமாட்டாள். அதை நினைத்து, 'அன்று மனையில் இருந்தவள் என் மனைவியே' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாற்பது பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று இம்போசிஷன் கொடுத்த கை இது.

இனி ஒன்றுதான் பாக்கி. அந்த மனைவி தாசில்தார் முன்னால் வந்து நின்று, புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னால், 'அவுக'வை அடித்துவிட்டு என் பெயரை எழுதிவிடுவார்களாம். இதற்குத்தான் தங்கள் காலைப் பிடிக்கிறேன். சொர்ணவல்லியைப் பற்றித் தங்களுக்குத் தெரியாததா? ஆவுடையார்கோயிலில் போய் நின்றாலும் சுவாமி பெயரும் என் பெயரும் ஒன்றாகிவிட்டதே என்று, "அந்தக் கோயில் சாமி, காப்பாத்து" என்று கும்பிடுகிறவள் அவள். எப்படியாவது பேசிச் சம்மதிக்க வையுங்கள். வெட்கமாக இருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொல்லட்டும். 'ஆத்ம' என்று சொல்லிவிட்டு இருமினாலும், 'நாதன்' என்பதை நான் பக்கத்தில் நின்று சேர்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டும். வீடு அவளுக்காகத்தான், மச்சான். அவள் அடுப்பு மூட்டாத வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். பெரியவர்களுக்கு என் கும்பிடு. சொர்ணவல்லிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் இளைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள
ஆத்மநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்ஸ்பெக்டரே சைக்கிளில் உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "இதுக்கா இம்புட்டு யோசிச்சீங்க? காலையிலேயே ஒங்க சம்சாரம் கச்சேரிக்கு வந்து, ஒங்க பேர மூணு தடவ கணீர்னு சொன்னாக" என்றார். பார்வைக்கு எப்படி இருந்தாள் என்று கேட்டேன். "ஒங்க சம்சாரத்த என்கிட்ட கேக்கிறீங்களே!" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். 'ஆத்மநாதன், மேற்படி மனையில் ஏற்கெனவே இருந்துவரும் தன் மனைவியுடன் குடியிருக்கலாம்' என்று முத்திரை வைத்திருக்கிறது. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். சொர்ணவல்லியை அனுப்பவே வேண்டாம். கீரனூரில் எப்பேர்ப்பட்ட வீட்டுக்காரியாக இருந்தாலும் சரி, எங்களுக்கு ஒரு வாடகை வீடு பாருங்கள். இந்தக் கடிதம் வருகிற பஸ்ஸிலேயே நானும் வந்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் சுவருக்கு உள்ளே இலை போட்டுவிட்டு, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். வீரய்யா வேறு, "போங்கய்யா, சோறு ஆறுது" என்கிறான்.