கடைசிப் பக்கத்தைப் பரிசோதித்த வகையில்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. உன் புத்தகக் கடை, உன் முதுகுவலி, வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் எப்படி? இங்கே நான் நலம். உன் அக்காவும் நலம். இருவரும் தனித்தனியாக நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் படித்த கையோடு அவளுக்குப் போன் போட்டு விசாரிக்காதே. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

கோடை விடுமுறைக்கு என்று வருடா வருடம் அவளுக்கு ஒரு பெட்டி நாவல் அனுப்புகிறாயே, அது இந்த வருடமும் ஒரு மூலைகூட மடங்காமல் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் உன் அக்கா படிப்பதெல்லாம் பிள்ளைகளின் விடைத்தாள்தான் என்று உனக்கே தெரியும். லீவு விட்டதும் அவளும் மாடி வீட்டு நர்ஸும் மருந்துக்கடைக்காரம்மாவும் எங்கள் கூடத்தில் பெட்டியைப் பிரித்து, எதை முதலில் படிப்பது, எதை அப்புறம் படிப்பது என்று பட்டியல் போட்டு, ஒருவர் முடித்ததை அடுத்தவருக்குக் கைமாற்றி, மூவரும் முடித்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். நான் மில்லில் இருந்தவரை அந்தப் பேச்சு என் காதில் விழுந்ததில்லை. போன வருடம் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு விழுந்தது. அப்பப்பா, என்ன சிரிப்பு, என்ன சண்டை! கதையில் வருகிற ஒருத்தி புருஷனை விட்டுப் போனது சரியா தப்பா என்று வாதம் முற்றி மருந்துக்கடைக்காரம்மா அழுதேவிட்டார். எனக்கும் உன் அக்காவுக்கும் நடுவில் இப்போது இருக்கிற பேச்சு, சாப்பிடலாமா, ஃபேனை நிறுத்தவா, அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கூடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் நான் போய் நின்றால் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்ன வேண்டும் என்பது போலப் பார்ப்பார்கள். டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருடம் விடைத்தாள் மலையாகக் குவிந்து அவளுக்குத் தலை நிமிர நேரமில்லாமல் போனது. "நீங்க சும்மாதானே இருக்கீங்க, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்து, எது எது படிக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டு வைங்களேன்" என்றாள். எனக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி இருந்தது. துணி மில்லில் காலமெல்லாம் தரம் பார்த்தவனிடம் போய்ப் பார்த்து வை என்றால் அவன் எப்படிப் பார்ப்பான், நீயே சொல். ஒரு துணிக்கட்டை முழுவதும் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்? ஆரம்பம், நடு, கடைசி, இந்த மூன்று இடத்தில் பிரித்தால் போதும், கட்டின் யோக்கியதை தெரிந்துவிடும். அதிலும் குறை இருந்தால் பெரும்பாலும் கடைசியில்தான் ஒளிந்திருக்கும் என்பதால் நான் எப்போதும் கடைசியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பார்த்ததைச் சீட்டில் எழுதிக் கட்டின்மேல் ஒட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். உன் நாவல்களையும் அப்படியே பார்த்தேன், அப்படியே ஒட்டினேன். ஒன்றில் எழுதினேன்: "அச்சு சுத்தம். நடுவில் கொஞ்சம் இழுவை. கடைசியில் மூத்த மருமகன் மாமனாரைக் கிணற்றில் தள்ளிவிடுகிறான். தேர்ச்சி." இன்னொன்றில்: "எழுத்து பொடி, கண்ணாடி தேவை. அவள் தனியாகக் கப்பல் ஏறிவிடுகிறாள். தேர்ச்சி." மற்றொன்றில்: "அட்டை மங்கல். டாக்டர் பிழைக்கவில்லை. மறுபடி பார்க்கவும்."

லீவின் முதல் நாள் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, நாவல்களை மேசையில் உயரவாரியாக அடுக்கி, கூடத்தில் நான்காவதாக ஒரு நாற்காலியும் போட்டு வைத்தேன். மூவரும் வந்தார்கள். நர்ஸ் முதல் சீட்டை எடுத்த எடுப்பில் சத்தமாகவே படித்துவிட்டார், பாதியில்தான் என்ன படிக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. மருந்துக்கடைக்காரம்மா சொந்தக்காரர் யாரோ போய்விட்ட மாதிரி டாக்டர் செத்துட்டாரா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். உன் அக்கா மட்டும் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துச் சீட்டைப் படித்து வைத்தாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை மச்சான். நிதானமாகச் சொன்னாள்:

"வருஷம் பூரா இதுக்குத்தாங்க காத்துட்டு இருந்தேன். இப்ப எல்லாக் கதையும் முடிஞ்சு போச்சு."

முன்னாலேயே தெரிந்துகொண்டால் நிம்மதியாகப் படிக்கலாமே என்று நான் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுத் தொலைத்தேன். சிநேகிதிகள் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான்காவது நாற்காலியை நானே எடுத்து உள்ளே போட்டேன்.

அதற்கப்புறம் ஃபேனைப் பற்றிக்கூடப் பேச்சில்லை. சீட்டுகளை வெந்நீர் தொட்டு உரித்துப் பார்த்தேன். மில்லில் வாங்கி வைத்த பசை, அட்டை கிழிந்து வந்ததே தவிர சீட்டு அசையவில்லை. கடைசியில் எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. மில்லில் ஒரு கட்டின் சீட்டை இன்னொரு கட்டில் ஒட்டுவதைப் போலக் கேவலமான தவறு வேறு கிடையாது. அதை என் சர்வீஸில் ஒரு நாளும் நான் செய்ததில்லை. பிரிவு உபசாரத்தன்று மேனேஜர் என்னைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் கிடைக்காமல் அதை மட்டும்தான் சொன்னார். அப்படிப்பட்ட நான் சமையலறை வாசலில் போய் நின்று, சீட்டெல்லாம் மாறிப் போய்விட்டது, ஒரு கதையின் முடிவை இன்னொரு கதையில் ஒட்டிவிட்டேன், எழுதியிருப்பதில் எதையும் நம்பாதே என்றேன்.

"நீங்களா? சீட்டை மாத்திட்டீங்களா?" என்று கேட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்து மூத்த மருமகன் நாவலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நம்பினாளா, நம்பாமல் போனாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆகையால் மச்சான், உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், உடனே வேறொரு பெட்டி நாவல் அனுப்பு. ஒவ்வொன்றையும் கயிறு போட்டுக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து அனுப்பு. என்னை நம்பாதே. பட்டியலையும் நீயே போட்டுவிடு. பழைய பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன், அவசரக்காரர் யாராவது சீட்டோடு சேர்த்து வாங்கினால் வாங்கட்டும்.

உன் கடையில் கரையான் ஏறாமல், இரவல் போன புத்தகமெல்லாம் வீடு திரும்பி, முதுகுவலி உன்னை மறந்து, நீயும் பிள்ளைகளும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதை நேற்றே தபாலில் சேர்த்திருப்பேன். வீட்டில் தபால்தலை இல்லாததால் பிழைத்தேன். அதை வாங்க உறையோடு கிளம்புகிற நேரத்தில் உன் அக்கா புத்தகத்தோடு வந்து நின்றாள். "இதுல மருமகனே கிடையாதுங்க. கதையில வர்ற பெரியவருக்கு ரெண்டும் பையன்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கதை முடிந்த பிறகு, "எங்கள் அடுத்த வெளியீட்டிலிருந்து சில பக்கங்கள்" என்று போட்டு, வேறொரு நாவலின் ஒரு பகுதியைச் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பு சில பக்கங்களுக்கு முன்னாலேயே இருக்கிறது. நான் முடிவுக்குக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தவன். டாக்டரும் கப்பலும்கூட அப்படித்தான். பெட்டி முழுக்க ஒரே பதிப்பகம், மலிவாகக் கிடைத்ததென்று வாரியிருப்பாய், எனக்குத் தெரியாதா. சீட்டு ஒன்றுகூட மாறவில்லை, மாறிவிட்டதாக நான் சொன்னதுதான் பொய், ஆனால் நான் பார்த்ததே வேறு கதைகள் என்று அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள். அப்புறம், "தப்பே பண்ணாத மனுஷன்கிட்ட என்னத்தைப் பேசறதுன்னுதாங்க இத்தனை நாளா இருந்தேன்" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. பெட்டி வேண்டாம், கயிறு வேண்டாம், அரக்கு வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வர வேண்டும் என்ற கண்டிஷனோடு இன்று மத்தியானம் கூடத்தில் நான்காவது நாற்காலி போட்டாயிற்று. போட்டது நானில்லை. ஒரே ஒரு உதவி மட்டும் செய். அந்த அடுத்த வெளியீடு கடைக்கு வந்ததும் முதல் பிரதியை இங்கே அனுப்பு. மூத்த மருமகன் அந்த மனுஷனை ஏன் தள்ளினான்? உன் அக்கா சொத்துக்காக என்கிறாள், நான் மானத்துக்காக என்கிறேன். நேற்று இருவரும் பேசிப் பேசிச் சாப்பாடு ஆறியே போய்விட்டது.