ஆரியுஸை விடாத விசுவாசக் காவலர்

உலகத்தில் வேதத்தை நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, நம்புவதற்கு நேரமில்லாமல் அதைக் காப்பாற்றிக்கொண்டே திரிகிற மூன்றாவது ஜாதி ஒன்று உண்டு. விசுவாசக் காவலர் என்று பெயர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பசியோடு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும்போது, ஒரு அப்பாவியைக் கோயில் வாசலில் நிறுத்திவைத்து, "சுதன் பிதாவுக்குச் சமமா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்!" என்று கேட்டுக்கொண்டிருப்பாரே, அவர்தான். ஒரே வார்த்தையில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த காலத்தில், மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் குடியிருந்த அமலதாஸ் இந்த ஜாதியில் அசல் ரகம். பகலில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். மற்ற நேரமெல்லாம் திருச்சபைக்குக் காவல். அவருடைய விரோதிகள் பெரும்பாலும் செத்துப்போனவர்கள். அதில் தலையாய விரோதி ஆரியுஸ். செத்து ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகிறது. சுதன் படைக்கப்பட்டவர்தான், ஆகவே பிதாவுக்கு ஒரு படி கீழே என்று போதித்த அந்தக் குருவை, நைசியா நகரத்தில் ஆயர்கள் கூடித் தள்ளிவைத்தார்கள். ஆயர்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். அமலதாஸ் விடவில்லை.

முடிவெட்டும் கடையில், கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கும்போதுகூட விடவில்லை. "இந்த ஆரியக் கூட்டத்தை அன்னிக்கே வேரோட புடுங்கியிருக்கணும்!" என்று ஒருநாள் கண்ணாடியைப் பார்த்து முழங்கினார். கடைக்காரர் செல்லக்கண்ணு சேலத்துக்காரர், கறுப்புச் சட்டைக்காரர். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கரெக்டா சொன்னீங்க சார்! உங்க ஆளுங்கள்லயும் விவரம் தெரிஞ்சவங்க இருக்காங்களே!" அன்றைக்கு அமலதாஸுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து மாலிஷ் நடந்தது. இருவரும் வெவ்வேறு ஆரியரை ஒழித்துவிட்ட திருப்தியோடு பிரிந்தார்கள்.

உயிரோடு இருந்த ஒரே விரோதி எட்வர்ட். அடுத்த தெருவில் குடியிருந்த புரொட்டஸ்டண்ட் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை தவறாமல் வருவார். வழக்கு ஒன்பது வருஷமாக ஒன்றேதான்: மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுத்திரி ஏற்றலாமா?

"அது விக்கிரக ஆராதனைதான் ஓய். யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை எடுத்துப் படியும், சிலையை நமஸ்கரிக்காதேன்னு இருக்கு."

"படிச்சவன்தான் சொல்றேன். அர்த்தம் தெரிஞ்சு படிச்சவன்!"

அமலதாஸின் மனைவி ரோசலின், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் நடுவே காப்பியை வைத்துவிட்டு, "குடிக்கிற நேரமாவது சபைகள் ஒண்ணா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவாள்.

இப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாலரை மணி இருக்கும், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் அஞ்சலை. ராமாபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். முந்தின நாள் அவள் புருஷன் கரியப்பன் சாரத்திலிருந்து விழுந்து, ரோசலினுடைய வார்டில் கண் திறக்காமல் கிடந்தான்.

"நர்ஸம்மாதானுங்க உங்களப் பாக்கச் சொன்னாங்க. அந்த மாதா கோயில்ல ஒரு திரி ஏத்தோணும்னு மனசு அடிச்சுக்குதுங்க. நாங்க மாரியாத்தாளக் கும்புடறவங்க. நான் ஏத்தலாமுங்களா?"

அமலதாஸுக்குப் புல்லரித்துவிட்டது. ஒன்பது வருஷமாக அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்ன பதிலுக்கு, இன்றைக்குக் கேள்வி தானாக நடந்து வந்திருக்கிறது! நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்தார்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும்மா. ஆராதனை வேற, வணக்கம் வேற. ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான். புனிதர்களுக்கு வணக்கம். மாதாவுக்கு மேலான வணக்கம். புரியுதா?"

"புரியுதுங்க. ஏத்தலாமுங்களா?"

"இரும்மா. எட்டாம் நூத்தாண்டுல ஒரு சக்கரவர்த்தி இருந்தான். சுரூபம், படம் ஒண்ணு விடாம ஒடைக்கச் சொன்னான்."

"அடப் பாவி. ஏத்தலாமுங்களா சாமி?"

"ஏன் ஒடைக்கச் சொன்னான்னு கேளு."

அவள் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். அமலதாஸ் அந்தச் சக்கரவர்த்தியை முடித்து, அவன் மகனுக்கு வந்து, மகனை முடித்துப் பேரனைத் தொடங்கும்போது எட்வர்ட் வந்து சேர்ந்தார். வாசற்படியில் நின்று இரண்டு நிமிஷம் கேட்டார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு எப்போ திரும்பணும்மா?" என்றார்.

"ஆறு மணிக்குள்ளங்க. அப்புறம் கதவச் சாத்திருவாங்க."

மணி ஐந்தேகால்.

"நீரும் உக்காரும் எட்வர்ட்! இது உமக்கும் பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டு, ஆதாரம் காட்டுவதற்காக அமலதாஸ் உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். தடித்த புத்தகம். தூசி தட்டி, பக்கம் கண்டுபிடித்து, விரலை நடுவில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தால் வராந்தாவில் நாற்காலி மட்டும் இருந்தது.

கைக்கு வந்த ஆத்துமாவை அந்தப் புரொட்டஸ்டண்ட் பதிதன் கடத்திக்கொண்டு போய்விட்டான்! அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். எட்வர்ட் வீடு பூட்டியிருந்தது. ஏதோ தோன்றிக் கோயிலுக்குப் போனார்.

மாதா பீடத்துக்கு முன்னால் எட்வர்ட் குனிந்து நின்றார். காற்றில் தீக்குச்சி அணைந்து அணைந்து போயிற்று. மூன்றாவது குச்சியைக் கிழித்து, இரண்டு கையாலும் மறைத்து, அஞ்சலை பிடித்திருந்த திரியில் வைத்தார். பற்றிக்கொண்டது.

பிடிபட்டார்! ஒன்பது வருஷ வழக்கு, கையும் திரியுமாகப் பிடிபட்டார்! அமலதாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டடி வைத்தார். அப்போதுதான் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தார். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மாரியாத்தாளையா, மாதாவையா, யாரைக் கூப்பிட்டாளோ தெரியாது. அப்படிக் கூப்பிட்டு அவர் ஒருநாளும் ஜெபித்ததில்லை. அவருக்கு அது தெரிந்துபோயிற்று. ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

வெளியே எட்வர்ட் ஒரு ஜட்கா வண்டி பிடித்து அஞ்சலையை ஏற்றி அனுப்பிய பிறகு அமலதாஸ் அவரிடம் போனார்.

"என்ன ஓய், யாத்திராகமம் இருபது என்ன ஆச்சு?"

"அது எங்கயும் போகாது. நாளைக்கு வந்து பேசிக்கலாம். அந்தம்மாவுக்கு ஆறு மணிக்குக் கதவு சாத்திடுவாங்க." எட்வர்ட் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார், சுட்டிருந்தது. "ஏத்தலாம்னு ஒரு வார்த்தை கேட்டாங்க. அதைச் சொல்ல வேண்டியவர் நீர். நான் இல்லை."

அமலதாஸ் அக்குளிலிருந்த புத்தகத்தை எடுத்துத் திறந்தார். ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை. மூடி மறுபடி இடுக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை கரியப்பன் கண் திறந்தான். ஒரு கால் சரியாகச் சேராது என்றார்கள், உயிர் தங்கியது. மறுநாள் அமலதாஸ் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்குப் போய், கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கால் மணி நேரம் ஒன்றுமே பேசாமல் இருந்தார். ரோசலின் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அஞ்சலைக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பாதியில் விட்டுப் போனோமே என்று அவளுக்கு இருந்திருக்கிறது.

"ஏனுங் சாமி, அந்த ராசா எதுக்குங்க ஒடைக்கச் சொன்னான்? அன்னிக்குக் கேக்க நேரமில்லாமப் போச்சுங்க."

அமலதாஸின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டார். கரியப்பன் தலைமாட்டில் தெர்மாமீட்டரோடு நின்ற ரோசலினைப் பார்த்தார். மூச்சை விட்டார்.

"அவனுக்கு வேற வேலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஜாதி திருந்தாது. அடுத்த ஞாயிறே கோயில் வாசலில், எட்வர்ட் கிழித்த தீக்குச்சியால் கத்தோலிக்கக் கொள்கை எப்படி நிரூபணமாயிற்று என்று ஒரு நீண்ட வியாக்கியானம் நடந்தது. ஆனால் இடையில் ஒருவர் "வீட்டில் குழந்தைக்கு ஜுரம்" என்றபோது, வழியை விட்டாராம். அதுவே பெரிய விஷயம்.

நாம் எந்த வேதத்துக்கும் காவல் நிற்கவில்லையே என்று நிம்மதியாக இருக்கிறீர்களா, வாசகரே? கட்சிக்கு நிற்கிறீர்களோ, கர்நாடக சங்கீதத்துக்கோ, தமிழ் இலக்கணத்துக்கோ, உங்கள் அம்மா வைத்த சாம்பாருக்கோ, யார் கண்டது? இதைப் படிக்கும்போதே, இதில் ஒரு சரித்திரப் பிழை இருக்கிறதே என்று உங்கள் கை பென்சிலைத் தேடியதா? தேடுங்கள், தவறில்லை. அதற்கு முன்னால் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிடுங்கள். யாராவது நின்றுகொண்டிருக்கப் போகிறார்கள்.