தனிக் கருத்து இணைக்கப்பட்டுள்ளது

மனிதர்களில் தனிக் கருத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் விமானத் தொழிற்சாலை ஆய்வுக் குழுவின் வெனியமின் லூகிச் இந்த இனத்தில் கலப்பில்லாத பிறவி. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டு, கீழே 'தனிக் கருத்து இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, வேறொரு தாளில் அந்த விமானம் ஏன் கட்டாயம் விழும் என்பதையும் விளக்கியிருப்பார். பறந்தால் ஒப்புதல் தந்தவர் அவர். விழுந்தால் அன்றைக்கே எச்சரித்தவரும் அவரே! முட்டைக்கோஸ் சூப் எப்படி என்று கேட்டால்கூட, "மொத்தத்துல நல்லாத்தான் இருக்கு, உப்பைப் பத்தி அப்புறம் சொல்றேன்" என்பார். திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட்ட அன்றும் தனித்தாள் கேட்டாராம். அவர் மனைவி சொன்னது.

அந்தத் தாள்களை ரை தானிய மாவுப் பசையால் கோப்பில் ஒட்டி முத்திரை குத்துவது என் வேலை. ஒட்டினால் ஆவணம், ஒட்டாவிட்டால் குப்பை. அதுதான் விதி.

போர் வந்து, தொழிற்சாலையையே ரயிலேற்றி சைபீரியாவின் இர்திஷ் ஆற்றங்கரையில் இறக்கி, கூரை போடும் முன்பே இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தோம். வடிவமைத்த தராஸ் இக்னாதிச்சுக்கு அது மூன்று வருட உழைப்பு. மாஸ்கோவிலிருந்து தந்தி வந்தது: வியாழன் மாலை ஐந்துக்குள் ஆட்சேபமில்லாத அறிக்கை வேண்டும், இல்லையென்றால் பட்டறை சண்டை விமானங்களுக்குப் போய்விடும், இந்த விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

வியாழன் மதியம் விமானி ஸகார் மேலேறினான். பனிமேகம் விழுங்கிவிட்டது. இருபது நிமிடம் எஞ்சின் சத்தமே இல்லை. தராஸ் இக்னாதிச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வெனியமின் லூகிச் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"வால் உடையும்னு நான் முந்தாநாளே எழுதி வச்சுட்டேன், தோழர் தலைவரே. ஒட்டச் சொல்லுங்க."

குழுத் தலைவர் தலையசைத்தார். ஒட்டி முத்திரையும் குத்தினேன். பசைக் கிண்ணத்தை வெனியமின் லூகிச் தலையில் கவிழ்க்காமல் விட்டேனே என்று இன்றும் வருத்தம்தான்.

முத்திரை மை காயவில்லை, விமானம் திரும்பி வந்து பதவிசாக இறங்கியது. ஸகார் பனியை உதறிக்கொண்டே உள்ளே வந்தான்.

"வால் பாறை மாதிரி நிக்குது. ஏன் எல்லாரும் எழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

தலைவர் கோப்பைக் காட்டினார். "ஆட்சேபம் ஏறிடுச்சே. வெனியமின் லூகிச், வாபஸ் எழுதிக் குடுங்க. மணி நாலே முக்கால்."

அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாக 'நான் சொன்னது தவறு' என்று எழுத வேண்டும். வியர்த்தது. எழுதினார். ஒட்டினேன். அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிடுவதற்குள் இன்னொரு தாளை நீட்டினார்.

"வாபஸ் பத்தி என் தனிக் கருத்து."

தராஸ் இக்னாதிச் சுவரில் சாய்ந்துவிட்டார். ஸகார் கிண்ணத்தை எடுத்து, மிச்சப் பசை முழுவதையும் விரலால் வழித்துச் சாப்பிட்டான்.

"உப்பு கம்மி," என்றான்.

"வேற பசை?" என்று தலைவர் கேட்டார்.

"திங்கக்கிழமைதான் மாவு வரும், தோழர்," என்றேன்.

ஐந்துக்குத் தந்தி போனது. பட்டறை எங்களிடமே இருந்தது. தராஸ் இக்னாதிச் எல்லார் முன்னாலும் அழுதார். எனக்கும் கண் நிறைந்தது.

மறுவாரம் விசாரணை: அரசாங்கப் பசையைத் தின்றது யார்? ஸகாருக்குக் கட்டாய உழைப்பு முகாம் தண்டனைகூடக் கிடைக்கலாம். நான் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, யாரும் சாப்பிடவே இல்லை என்று நான் உறுதி கூறவில்லை என இன்னொரு தாளும் கேட்டு வாங்கி எழுதிவைத்தேன்.

சிரிக்கிறீர்களா? நான் செய்தது சரிதானே என்று கேட்டால், இப்போது தலையை ஒரு மாதிரி ஆட்டுகிறீர்களே, அது ஆமாமா, இல்லையா?